ராகியில் பீர் காய்ச்சலாமா மேடம்?

இரண்டு மாதத்துக்கு முன் எனக்கு ஒரு வாசகர் கடிதம் வந்தது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார். விஷயம் இதுதான்: "மேடம், ஒன்றரை ஏக்கரில் ராகி போட்டிருக்கிறேன். முளைகட்டிய பார்லியில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவதை செல்போனில் பார்த்தேன். நம்ம ராகியில் அதைச் செய்ய முடியுமா? நம் தானியம், நம் வீடு, ரசாயனம் இல்லை. அதில் என்ன தப்பு? முளைகட்டும் முறையையாவது விவரமாகச் சொல்லுங்கள்."

இதற்கு இரண்டே வரியில் பதில் எழுதி முடித்திருக்கலாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அந்தச் சட்டத்தில் மது என்றால் பீரும் அதில் அடக்கம். சொந்த வீடு, சொந்த தானியம் என்பதெல்லாம் அங்கே செல்லாது. அவ்வளவுதான் பதில்.

ஆனால் அந்தக் கடிதத்தை என்னால் மடித்து வைக்க முடியவில்லை. காரணம், கடைசி வரி. முளைகட்டும் முறையைக் கேட்டிருந்தாரே, அது நல்ல கேள்வி. முளைகட்டிய ராகியோடு எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கணக்கு இருக்கிறது. அதை இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தர்மபுரிப் பக்கத்து மானாவாரிக் குடும்பம் எங்களுடையது. இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு. ஆடியில் ராகி விதைத்தால் கார்த்திகையில் களத்துக்கு வரும். 1981-ல் சாராயக்கடைகளைத் திறந்தபோது எனக்கு 12 வயது. அப்பா கெட்டவர் இல்லை. எங்களை ஒரு நாளும் அடித்ததில்லை. ஆனால் அறுவடை முடிந்த மறுவாரம் சைக்கிளின் பின்னால் ராகி மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படுவார். ஆறு மாதமாகக் கடையில் ஏறியிருந்த பாக்கிக்கு அந்த மூட்டை போகும். அம்மா வாசலில் நின்று பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார்.

அப்போது என் தம்பிக்கு எட்டு மாதம். வீட்டில் பால் மாடு கிடையாது. அம்மா அடுக்குப் பானையில் அடியிலிருந்து இரண்டாவது பானையில் நாலு படி ராகியை ஒளித்து வைத்திருப்பார். அப்பா வெளியே போன பிறகு அதில் இரண்டு கை அள்ளி ஊறப்போடுவார். மறுநாள் பழைய வேட்டித் துணியில் கட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் கூடையைக் கவிழ்த்து அதன் கீழே வைப்பார். முளை வந்ததும் ஓட்டின் மேல் காயப்போட்டு, திருகையில் அரைத்து, தம்பிக்குக் கூழ் காய்ச்சுவார். "எதுக்கும்மா இத்தனை பாடு, சும்மா மாவையே காய்ச்சலாமே" என்று கேட்டேன். "சும்மா மாவுன்னா கெட்டியாப் போயிடும் கண்ணு. புள்ள துப்பிடும். மொளகட்டுன மாவு எவ்வளவு போட்டாலும் எளகியே இருக்கும்" என்றார்.

அதன் காரணம் அம்மாவுக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் பி.எஸ்சி. விவசாயம் படிக்கப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பயிர் வினையியல் வகுப்பில் பீர் தயாரிப்பை உதாரணமாக வைத்து ஆசிரியர் முளைப்பை விளக்கியபோது, நான் எங்கள் வீட்டு அடுப்படிக் கூடையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பீர் எப்படி உருவாகிறது?

ஒரு விதைக்குள் இருக்கும் மாவுச்சத்து, முளைக்கப்போகும் குருத்துக்கான கட்டுச்சோறு. ஆனால் மாவுச்சத்தை அப்படியே குருத்தால் சாப்பிட முடியாது. அதனால் ஈரம் பட்டதும் விதை தனக்குள்ளேயே அமைலேஸ் என்ற நொதியை உண்டாக்குகிறது. நீளமான மாவுச்சத்துச் சங்கிலியை இந்த நொதி துண்டு துண்டாக வெட்டிச் சர்க்கரையாக மாற்றும்.

பீர் ஆலைக்காரர் இந்த இடத்தில்தான் குறுக்கே வருகிறார். பார்லியை ஊறவைத்து, 4 முதல் 6 நாள் குளிர்ந்த இடத்தில் முளைக்கவிட்டு, நொதி நன்றாகச் சுரந்ததும் சூடான காற்றில் உலர்த்தி முளைப்பை நிறுத்திவிடுகிறார். இப்படி உலர்த்திய தானியத்துக்குத்தான் மால்ட் என்று பெயர். நாம் கடையில் வாங்கும் ராகி மால்ட் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

அந்த மால்ட்டை நொறுக்கி, சுமார் 65 டிகிரி சூட்டில் உள்ள தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். நொதி விழித்துக்கொண்டு மாவையெல்லாம் சர்க்கரையாக்கிவிடும். அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. நம் வீட்டு மாவு பொங்குவதில் பங்குள்ள நுண்ணுயிர் வகையில் இதுவும் ஒன்றுதான். சில வாரங்களில் அது பீர்.

கடிதம் எழுதிய தம்பி கேட்டதற்கும் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். ராகியில் இது நடக்குமா என்றால், நடக்கும். ராகியின் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான். உகாண்டாவில் டெசோ மக்கள் முளைகட்டிய கேழ்வரகில் அஜோனோ என்ற மதுவைக் காய்ச்சி, நடுவில் பானையை வைத்து, சுற்றி உட்கார்ந்து நீளமான குழல்களால் உறிஞ்சுகிறார்கள். சிக்கிமிலும் நேபாளத்தின் கிழக்கு மலைகளிலும் தொங்பா என்று ஒன்று உண்டு. அங்கே முளைகட்டுவதில்லை. வேகவைத்த கேழ்வரகோடு புளிப்பு மருந்து கலந்து நொதிக்கவிட்டு, வெந்நீர் ஊற்றி மூங்கில் குழலில் குடிப்பார்கள். குளிர் பிரதேசத்தில் அது அவர்கள் வழக்கம். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் பார்லியில் வருவதுபோல் தெளிந்த பீர் ராகியில் சுலபமாக வராது. பார்லியின் உமி அரிப்புபோல் நின்று இனிப்புத் தண்ணீரை வடித்துக் கொடுக்கும். ராகிக்கு அந்த உமி கிடையாது. அதனால்தான் சிறுதானிய மதுக்கள் பெரும்பாலும் கலங்கலாக இருக்கின்றன.

ரசாயனம் இல்லை, அதனால் உடம்புக்கு நல்லது என்று தம்பி எழுதியிருந்தார். ஆல்கஹால் எந்த தானியத்திலிருந்து வந்தாலும் ஆல்கஹால்தான். ஈரலுக்கு அதில் இயற்கை, செயற்கை என்ற வித்தியாசம் தெரியாது.

அம்மாவின் கூழில் நடந்தது

பீர்க்காரர் 65 டிகிரியில் செய்கிற அதே வேலைதான் அம்மாவின் கூழ்ப் பானையிலும் நடந்தது. ஈஸ்ட் மட்டும் அங்கே வரவில்லை.

சாதாரண ராகி மாவைக் காய்ச்சினால் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டாலே கெட்டிப்படும். குழந்தை விழுங்க வேண்டும் என்று தாய் மேலும் தண்ணீர் ஊற்றுகிறாள். கிண்ணம் நிறைகிறது, குழந்தையின் சின்ன வயிறும் நிறைகிறது, ஆனால் உள்ளே போனதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். "நல்லாத்தான் சாப்பிடுது, எடை ஏறலையே" என்று அங்கன்வாடியில் தாய்மார்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முளைகட்டிய மாவில் நொதி சங்கிலியை வெட்டிவிடுவதால் கூழ் இளகுகிறது. அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு போடலாம், குழந்தையும் விழுங்கும்.

இது பாட்டி வைத்தியமாகவே நின்றுவிடவில்லை. 1980-களில் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் மல்லேஷி, தேசிகாச்சார் என்ற விஞ்ஞானிகள் முளைகட்டிய ராகியும் பச்சைப்பயறும் சேர்த்துக் குழந்தை உணவு தயாரித்துக் காட்டினார்கள். பரோடாவில் தாரா கோபால்தாஸ் குழுவினர் இன்னும் எளிமையாக்கினார்கள். முழு மாவையும் முளைகட்ட வேண்டாம், காய்ச்சிய கெட்டிக் கூழில் கொஞ்சம் முளைமாவைக் கலந்தாலே இளகிவிடும் என்று கண்டார்கள்.

இதை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ராகி மாவில் ஸ்பூன் நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் கூழ் காய்ச்சுங்கள். அடுப்பை அணைத்து, கொதி அடங்கி ஆவி மட்டும் வரும் நிலைக்கு வந்ததும், ஒரு கிண்ணத்துக்கு ஒரு டீஸ்பூன் வறுக்காத முளைமாவைக் கலந்து கிளறி, பத்து நிமிடம் மூடி வையுங்கள். திறந்து பார்த்தால் கரண்டியிலிருந்து ஒழுகும். பிறகு ஒரு கொதி விட்டு இறக்குங்கள். பச்சை மாவில் உள்ள கிருமிகள் சாக அந்த இரண்டாவது கொதி கட்டாயம். கொதித்துக்கொண்டிருக்கும்போதே முளைமாவைப் போட்டால் நொதி செத்துவிடும், கூழ் இளகாது. சிவக்க வறுத்த மாவும் இதற்கு உதவாது. அது மணத்துக்கு மட்டும்தான்.

நான் செய்த தவறு

2003-ல் ஒரு வட்டாரத்தில் வேளாண்மை அலுவலராக இருந்தபோது மகளிர் குழுவுக்கு முளைகட்டிய மாவு தயாரிக்கப் பயிற்சி கொடுத்தேன். முளைக்காத தானியத்தில் ஈரத்தோடு பூஞ்சணம்தான் வரும். அதனால், "முளைப்புத்திறன் நல்லா இருக்கணும், நல்ல விதையாப் பாத்து எடுங்க" என்று மூன்று தடவை அழுத்திச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். திருப்தியாக வீடு திரும்பினேன்.

பத்து நாள் கழித்து அந்த ஊர்ப் பக்கம் போனபோது ஒரு பெரியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாங்க ஆபீசரம்மா, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிருக்கேன், வந்து பாருங்க" என்று உள்ளே அழைத்துப் போனார். துணி மூட்டையை அவிழ்த்தார். முளை ஒரே சீராக, பாடப் புத்தகத்தில் போட்ட படம்போல் இருந்தது. ஆனால் வெள்ளைத் துணி லேசான ரோஸ் நிறத்தில் இருந்தது.

"ராகி எங்க வாங்கினீங்க பெரியம்மா?"

"டெப்போவுல விதைக்குக் குடுத்த பைதான். மிச்சம் இருந்துச்சு. நல்ல விதைன்னு சொன்னீங்களே, அதைவிட நல்ல விதை எங்க இருக்கு?"

எனக்குக் கை கால் ஓடவில்லை. அது பூஞ்சாணக்கொல்லி கலந்து விதை நேர்த்தி செய்த விதை. பேரனுக்கு ஒன்பது மாதம், திண்ணையில் தவழ்ந்துகொண்டிருந்தான். "குடுத்துட்டீங்களா?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இன்னும் காயலையே. நாளைக்கி அரைச்சாதான்" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி அத்தனையையும் புதைத்தோம். பெரியம்மாவுக்கு வருத்தம். "மூணு தண்ணி கழுவினேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கழுவினால் போகாது என்று விளக்கினேன். விதைப் பை மூலையில் கிடந்தது. நீல நிறச் சான்று அட்டை, அதன் பக்கத்தில் உண்ணக்கூடாது என்ற எச்சரிக்கை எல்லாம் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் பயிற்சி கொடுக்கும்போது அதை யோசிக்கவில்லை. விதை என்ற ஒரே சொல்லை எனக்கு ஒரு அர்த்தத்திலும் அவருக்கு வேறு அர்த்தத்திலும் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அன்றிலிருந்து எந்தப் பயிற்சியிலும் முதலில் விதைப் பையைத்தான் கையில் எடுத்துக் காட்டுகிறேன். ரோஸ், சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறிய விதை எதுவாக இருந்தாலும் வாயில் வைக்கக் கூடாது, மாட்டுக்கும் கோழிக்கும் போடக் கூடாது. முளைகட்ட உங்கள் களத்தில் விளைந்து, நேர்த்தி செய்யாமல் வைத்திருக்கும் புது ராகியே போதும்.

முளைமாவு தயாரிக்கும் முறை

முதலில் 100 ராகியை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் 85-க்குக் குறைவாக முளைத்தால் அந்த ராகி வேண்டாம், களிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேறினால், 1 கிலோ ராகியைப் புடைத்து, கல் அரித்து, தண்ணீர் தெளியும்வரை கழுவி, இரவு முழுக்க சுமார் 12 மணி நேரம் ஊறவையுங்கள். நடுவில் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். பிறகு நன்றாக வடித்து, சுத்தமான பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி, நிழலில் வையுங்கள். காலை, மாலை தண்ணீர் தெளித்து, கையால் பிரித்துவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் நடுவில் சூடேறிப் புளித்துவிடும். இரண்டு நாளில் முளை அரை சென்டிமீட்டருக்கு மேல் வரும். அது போதும். பச்சை வாசம் வர வேண்டும். புளிப்பு வாடையோ, கறுப்பு, பச்சை நிறப் பூஞ்சணமோ தெரிந்தால் தயங்காமல் குப்பைக்குழியில் கொட்டுங்கள். பூஞ்சண நஞ்சு வறுத்தாலும் கொதித்தாலும் போகாது.

முளைத்ததை மெல்லிசாகப் பரப்பி வெயிலில் காயவையுங்கள். பல்லில் வைத்துக் கடித்தால் படக்கென்று உடைய வேண்டும். மழை, மூடாக்குக் காலத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். காய்ந்ததும் கையால் தேய்த்து, முறத்தில் புடைத்து வேரை நீக்கிவிட்டு அரையுங்கள். 1 கிலோவுக்கு சுமார் 800 கிராம் கிடைக்கும். ஈரமில்லாத டப்பாவில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத்தான் இது. புதிதாகக் கொடுக்கும்போது ஒரு ஸ்பூனில் தொடங்குங்கள். அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம செவிலியரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் முளைமாவுக் கூழை இஷ்டத்துக்குக் குடிக்க வேண்டாம். அதில் மாவு பாதி வேலை முடிந்த சர்க்கரை. சோளத்தை முளைகட்டுபவர்கள் முளையையும் வேரையும் முழுவதும் நீக்கியாக வேண்டும், சோளக் குருத்தில் சயனைடு நஞ்சு உண்டாகும் தன்மை இருக்கிறது. ராகிக்கு அந்தப் பயம் இல்லை.

தம்பிக்குக் கடைசியாக

1986-ல் எங்கள் கிணற்றடி ஏக்கர் ஒத்திக்குப் போனது. அடுத்த வருடம் சாராயக்கடைகளை மூடினார்கள். நிலம் திரும்பவில்லை, அப்பாவின் உடம்பும் திரும்பவில்லை. 1994-ல் மஞ்சள் காமாலை முற்றிப் போய்ச் சேர்ந்தார். கடைசி வாரங்களில் அவரால் எதையும் விழுங்க முடியவில்லை. அம்மா தம்பிக்குக் காய்ச்சிய அதே கூழைக் காய்ச்சி ஸ்பூனில் ஊட்டினார். அப்பா அதைக் குடித்தார்.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை தம்பி. நீங்கள் ஆசைப்பட்டது புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள. அது எனக்குப் புரிகிறது. பீர் காய்ச்சும் வித்தையில் கஷ்டமான பாதி, முளைகட்டுவதும் சரியான நேரத்தில் நிறுத்துவதும். அந்தப் பாதியைச் சட்டத்துக்குப் பயப்படாமல் நீங்கள் செய்யலாம். ஒரு கிலோ ராகியில் செய்து பாருங்கள். சுத்தமாகச் செய்யக் கற்றுவிட்டால் விற்கலாம், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். ராகியைத் தானியமாக விற்பதைவிட மாவாக விற்பதில் கையில் நிற்பது கூடும்.

அம்மாவுக்கு இப்போது 80 வயதைத் தாண்டிவிட்டது. பல் இல்லை. தினமும் காலையில் கெட்டிக் கூழ் காய்ச்சி, ஆவி அடங்கக் காத்திருந்து, ஒரு டீஸ்பூன் முளைமாவை நான்தான் கலக்குகிறேன். இளகுகிற வரைக்கும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "போதும் எறக்கு, அடிப்பிடிக்கும்" என்பார். அடுப்பு அணைந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும்.